வடலியும் சீந்திலும்

ஒரு செடி உயரம் போக வேண்டுமென்றால் முதலில் தண்டு கட்டியாக வேண்டும். தண்டு பெரும் செலவு. இலையை வெயிலில் தூக்கிப் பிடிப்பதும், வேருக்கும் இலைக்கும் நடுவே நீர்க்குழாய் போடுவதும் அதன் வேலை. உணவு சமைப்பது இலை. காய் பிடிப்பது பூ. ஆனால் முழுதாக வளர்ந்த ஒரு வேம்பை வெட்டி எடை போட்டால், எடையில் பெரும்பங்கு கட்டைதான்.

இந்தச் செலவைச் செடிகள் எப்படிச் சமாளிக்கின்றன என்பதற்கு நேரெதிரான இரண்டு விடைகள் உண்டு. அவற்றைப் பார்க்க மலைக்காட்டுக்குள் போக வேண்டியதில்லை. திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகும் சாலையில் பனவடலிசத்திரத்தில் இறங்கி, ஊரைத் தாண்டி ஏதாவது ஒரு தோட்டத்து வேலியோரம் நடந்தால் போதும். ஒரு விடை பனை. இன்னொன்று சீந்தில்.

பனை, முழு முதலையும் போட்டுவிட்டுத்தான் கடை திறக்கிற ரகம். பனங்கொட்டை முளைக்கும்போது மேலே வராது. முதலில் கீழே போகும். நாம் தோண்டி அவித்துத் தின்னும் பனங்கிழங்கு அப்படிக் கீழே இறங்கிய முளைதான். பிறகு பல வருஷங்களுக்கு அது வடலியாகவே நிற்கும். தரையை ஒட்டி விசிறி ஓலை, இருபுறமும் கறுத்த பல்வரிசை கொண்ட கருக்குமட்டை, அவ்வளவுதான் தெரியும். மாடு மேய்ப்பவர்கூட ‘இது வளரவே இல்லையே’ என்று சொல்லும் அந்தக் காலத்தில்தான் பனை தன் தூரின் பருமனைக் கட்டி முடிக்கிறது. முழுப் பருமன் வந்த பிறகே அது மேலே எழும்பும். எழும்பிய பிறகு பருக்காது. வேம்புக்கும் புளிக்கும் பட்டைக்கு அடியில் கேம்பியம் என்றொரு வளர்படை உண்டு; ஆண்டுதோறும் உள்ளே கட்டையையும் வெளியே பட்டையையும் அது சேர்த்துக்கொண்டே போகும். பனைக்கும் தென்னைக்கும் அந்தப் படை கிடையாது. தென்னையில் ஏறுவதற்காக வெட்டிய படிகள் மரம் சாயும்வரை அப்படியே இருப்பதும், வேம்பில் பட்ட வெட்டு சில ஆண்டுகளில் உதடு கூடி மூடிக்கொள்வதும் இதனால்தான்.

சீந்தில் முதலே போடாது.

டைனோஸ்போரா கார்டிஃபோலியா என்பது தாவரவியல் பெயர், மெனிஸ்பெர்மேசி குடும்பம். சித்த மருந்துக்கடையில் அமிர்தவல்லி என்றும், வடநாட்டில் கிலோய் என்றும், ஆயுர்வேதத்தில் குடூசி என்றும் சொல்வார்கள். இதைக் கொடி என்று சொன்னவுடன் அவரைக்கொடியையும் புடலங்கொடியையும் நினைத்துக்கொள்ளக் கூடாது. அவை ஒரு பருவத்துக்காரர்கள். சீந்திலின் தண்டில் கேம்பியம் உண்டு, கட்டை உண்டு. ஆண்டுக்கணக்கில் வாழும், விரல் பருமனைத் தாண்டும். தாவரவியலார் இத்தகைய கொடிகளை மரக்கொடி என்று தனி வகையாக வைத்திருக்கிறார்கள். மரத்துக்கு உரிய எல்லா உறுப்பும் இருந்தும், மரம்போலத் தன் காலில் நிற்பதை மட்டும் விட்டுவிட்ட செடி.

பார்த்த மாத்திரத்தில் கண்டுகொள்ள இலைதான் எளிய வழி. அடியில் ஆழமாகப் பிளந்து நுனியில் கூம்பிய இதய வடிவம். 10 முதல் 20 சென்டிமீட்டர் நீளம். காம்பு சேருமிடத்திலிருந்து விரியும் ஏழு நரம்புகள். வெற்றிலையின் தடிப்பும் மினுமினுப்பும் இதில் இராது, மெல்லிய இலை. நான் அதிகம் ரசிப்பது இலைக்காம்பை. 15 சென்டிமீட்டர்வரை நீளும் அந்தக் காம்பின் இரண்டு முனைகளும் சற்றுப் புடைத்திருக்கும். அடிப்பக்கத்துப் புடைப்பு பாதிச் சுற்று முறுக்கிக்கொண்டும் இருக்கும். கொடி எப்போது எந்தப் பக்கம் திரும்பும் என்று இலைக்குத் தெரியாது. தண்டு சுற்றிச் சுற்றிப் போகும்போது, பாதி இலைகள் நிழல் பக்கம் மாட்டிக்கொள்ளும். அந்த முறுக்குதான் இலைப்பரப்பை மறுபடி வெயில் பக்கம் திருப்பி வைக்கிறது. ஒரு வேலியை மூடிய சீந்திலைச் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள்: எல்லா இலைகளும் ஒரே திசையைப் பார்த்து, ஒன்றையொன்று அதிகம் மறைக்காமல் அடுக்கப்பட்டிருக்கும்.

தண்டின் தோல் சாம்பல் அல்லது வெளிர் மஞ்சள் நிறம். காகிதம்போல மெல்லியது, எளிதில் உரிந்து வரும். முற்றிய தண்டில் அது நீளவாக்கில் முறுக்கிக்கொண்டு வெடித்திருக்கும். ஊடே ஊடே சிறு புடைப்புகளாகக் காற்றுத்துளைகள். நகத்தால் சுரண்டினால் தோலுக்குக் கீழே பளிச்சென்ற பச்சை. இலையுதிர்ந்து நிற்கும் கோடையிலும் இந்தப் பச்சைப்படை கொஞ்சம் உணவு சமைத்துக்கொண்டிருக்கும். குறுக்கே வெட்டினால் வெள்ளையாக இருக்கும் முகம் காற்றுப் பட்டதும் மஞ்சளாகும். நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஆப்பு ஆப்பாகக் கட்டை, இரண்டு ஆப்புகளுக்கு நடுவே அகலமான மென்திசு. வேப்பங்கட்டையில் இப்படி இடம் விட்டிருக்காது. கட்டை முழுக்க இறுகியிருந்தால் முறுக்கும்போது முறிந்துவிடும். மென்திசு நடுவில் இருப்பதால் சீந்தில் கயிறுபோல் வளைகிறது. அந்த மென்திசு தண்ணீரும் மாவும் சேமிக்கும் இடமும்கூட. சித்த மருத்துவர்கள் தண்டை இடித்துத் தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்து எடுக்கும் ‘சீந்தில் சர்க்கரை’ இனிப்பதில்லை. அது இந்த மாவுதான்.

கையும் காலும் இல்லாத செடி எப்படி ஏறுகிறது? ஏறுவதற்கு ஒவ்வொரு கொடிக்கும் ஒரு வழி. கோவையும் பிரண்டையும் முடக்கத்தானும் பற்றுக்கம்பியை வீசிப் பிடிக்கும். செங்காந்தள் இலை நுனியையே கம்பியாக்கும். வெற்றிலையும் மிளகும் கணுவில் வேர் விட்டு ஒட்டும். ஆதொண்டையும் இண்டும் வளைந்த முள்ளால் மாட்டிக்கொண்டு தொற்றும். சீந்திலிடம் இவை எதுவும் இல்லை. குன்றிமணி, சிறுகுறிஞ்சான்போல அது தன் உடம்பையே சுற்றி ஏறும் கொடி.

சுற்றும் கொடியின் இளநுனி சும்மா நிற்பதில்லை. தண்டின் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிட வேகமாக நீள்கிறது. அந்த வேகமான பக்கம் தண்டைச் சுற்றி மாறிக்கொண்டே போகிறது. விளைவு, நுனி காற்றில் வட்டம் போடுகிறது. சார்லஸ் டார்வின் உடல்நலமின்றி அறையில் முடங்கியிருந்த நாட்களில் ஒரு தொட்டியில் ஹாப் கொடியை வைத்து இதைக் கவனித்தார். வெப்பமான வேளையில் அதன் நுனி ஒரு வட்டம் முடிக்கச் சராசரியாக 2 மணி 8 நிமிடம் ஆயிற்று. இலங்கையைச் சேர்ந்த செரோபீஜியா கார்ட்னெரியின் நுனி 5 அடிக்கும் மேற்பட்ட விட்டத்தில் சுற்றியதையும் அவர் அளந்தார். 1865இல் லண்டன் லின்னியன் சங்கத்தின் இதழில் வந்த அந்த நீண்ட ஆய்வு 1875இல் நூலாயிற்று. படுக்கையில் கிடக்கும் நோயாளி பார்ப்பதற்குக் கொடியைவிடப் பொருத்தமான செடி ஏது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இருவருக்கும் நேரம் நிறைய.

கொடிகள் எந்தப் பக்கம் சுற்றும் என்பதற்கும் கணக்கு உண்டு. 9 நாடுகளில் 17 இடங்களில் எண்ணிப் பார்த்து 2007இல் வெளியான ஆய்வின்படி, சுற்றுக்கொடிகளில் 92 விழுக்காடு வலப்புரியாகச் சுற்றுபவை. அதாவது எதிரே நின்று பார்த்தால் தண்டு இடப்பக்கக் கீழிலிருந்து வலப்பக்க மேலுக்கு ஏறும். பூமியின் வடபாதி, தென்பாதி என்ற வேறுபாடு இதில் இல்லை. சூரியன் போகும் திசையில் கொடி சுற்றுகிறது என்ற பழைய விளக்கம் அதோடு படுத்துவிட்டது.

சுற்றி ஏறுவதில் ஒரு தடை உண்டு: பிடிப்புக்கம்பின் பருமன். நுனி போடும் வட்டத்துக்குள் கம்பு அடங்க வேண்டும். பிறகு தண்டு அதை இறுக்க வேண்டும். கம்பு பருத்தால் வளைவு குறையும், இறுக்கம் குறையும், கொடி நழுவும். ஆகவே வளர்ந்த பனையின் உருண்டைத் தூரைச் சுற்றி ஏறுவது இளங்கொடிக்கு ஆகாத காரியம். வடலி அப்படியில்லை. அதன் ஒவ்வொரு மட்டையும் ஒரு தனிக் கம்பு, அதுவும் பல் வைத்த கம்பு. ஒரு மட்டையிலிருந்து அடுத்ததுக்குத் தாவிப் போகலாம். வேலிகளில் கிளுவையும் உடையும் சீந்திலுக்குத் தோதாக இருப்பதும் இதே காரணத்தால்தான். பிடிக்க மெல்லிய கிளைகள் நிறைய.

ஒரு கேள்வி எழலாம். சங்கரன்கோவில் பக்கத்து வெயிலில், வெயிலுக்காக மேலே ஏற வேண்டிய அவசியம் என்ன? சீந்திலின் செந்நிறச் சிறு பழங்களைப் பறவைகள் தின்கின்றன. தின்ற பறவை போய் உட்காருவது மரத்திலும் வேலியிலும். ஆகவே விதை பெரும்பாலும் விழுவது நிழலில். அது விழுகிற இடத்திலேயே பிடித்து ஏறக் கம்பும் இருக்கிறது. நிழல்தான் சிக்கல், நிழல் தருவதுதான் ஏணி. இதன் உச்சத்தை 1975இல் சயன்ஸ் இதழில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது: கோஸ்டரிகாக் காட்டில் மான்ஸ்டெரா இனக் கொடி ஒன்றின் நாற்று வெளிச்சத்தை நோக்கிப் போவதில்லை, இருண்ட அடிமரத்தை நோக்கித் தரையில் ஊர்ந்துபோகிறது. மரத்தைத் தொட்டபிறகே வெளிச்சத்தின் பக்கம் திரும்புகிறது.

தண்டு கட்டாமல் மிச்சம் பிடித்ததைக் கொடி எதில் போடுகிறது? இலையிலும், நீளத்திலும், குழாயிலும். கடைசியதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மரத்தின் கட்டை இரண்டு வேலை பார்க்கிறது: எடை தாங்குகிறது, தண்ணீர் ஏற்றுகிறது. எடை தாங்கும் வேலையைக் கொடி இன்னொருவர் தலையில் கட்டிவிட்டதால், மெல்லிய தண்டிலும் அகலமான நீர்க்குழாய்களை வைத்துக்கொள்ள முடிகிறது. குழாயின் விட்டம் இரட்டிப்பானால் அதில் ஓடக்கூடிய நீர் இரட்டிப்பாவதில்லை, 16 மடங்காகிறது. பாய்மவியலின் இந்த விதி இருப்பதால்தான் விரல் தடிமன் உள்ள மரக்கொடி ஒரு பெரிய இலைக்கூட்டத்துக்குத் தண்ணீர் கொடுக்க முடிகிறது. ஆனால் அகலக் குழாயில் ஆபத்தும் உண்டு: வறட்சியில் நீரிழை அறுந்து காற்றுக்குமிழி புகுந்தால் அந்தக் குழாயே பயனற்றுப் போகும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கி இந்தக் காற்றாலை வட்டாரத்தை உலுக்கும் வறண்ட காற்றில், ஒரு மெல்லிய இலைக்கொடி பிழைப்பது எளிதல்ல. சீந்தில் வறண்ட காலத்தில் இலையை உதிர்த்துவிடுகிறது. தண்டில் சேர்த்த நீரையும் பசையையும் மாவையும் வைத்துக்கொண்டு காத்திருக்கிறது.

மழை குறைந்த, பருவம் மாறி மாறி வரும் வெப்பமண்டலக் காடுகளில்தான் மரக்கொடிகள் மரங்களோடு ஒப்பிடும்போது அதிகம் என்பது உலகளவில் கண்ட உண்மை. தமிழகத்தில் இதைப் பொறுமையாக எண்ணியவர்கள் புதுவைப் பல்கலைக்கழகத்தின் என். பார்த்தசாரதியும் அவருடைய மாணவர்களும். ஆனைமலையின் வரகலியாற்று மழைக்காட்டிலும், சோழமண்டலக் கரையின் கோயில் காடுகளிலும் அவர்கள் கொடிகளைத் தனியே கணக்கெடுத்தார்கள். அதுவரை மரங்களை எண்ணியவர்கள் கொடிகளைக் குப்பையாகவே பார்த்தார்கள் என்பது என் வருத்தம். அமேசானில் பெருங்கொடிகளின் பங்கு 20ஆம் நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளில் ஆண்டுக்கு 1.7 முதல் 4.6 விழுக்காடுவரை கூடியது என்று 2002இல் நேச்சர் இதழில் முடிவு வந்த பிறகுதான் கொடிகளுக்கு மரியாதை வந்தது.

இனி சீந்திலின் பெரிய வித்தைக்கு வருவோம். தோட்டக்காரர் வேலியைச் சுத்தம் செய்யும்போது கொடியின் அடியை அரிவாளால் வெட்டிவிடுகிறார். வேறு பெரும்பாலான செடிகளானால் மேலே இருப்பது சில நாளில் வதங்கும். சீந்தில் வேம்பின் கிளையில் தொங்கிக்கொண்டே, தண்டில் சேர்த்ததை வைத்து நூல்போன்ற விழுதுகளை இறக்கத் தொடங்கும். ஆல விழுதுபோல இவை தாங்கும் தூண்களாகப் போவதில்லை. நூல் கனத்தில், பல மீட்டர் நீளத்துக்கு, நேரே கீழே. மண்ணைத் தொட்டதும் வேராகி, மேலே தொங்கியது மறுபடி முழுச்செடியாகிவிடும். அறுத்து வீசிய துண்டும் ஈர மண்ணில் விழுந்தால் முளைக்கும். வேண்டுமென்று வளர்ப்பவர்கள் ஒரு துண்டை வேப்பங்கன்றின் அடியில் ஊன்றுவதோடு சரி. தண்டைக் கட்டாதவனுக்கு அதை இழப்பதில் பெரிய நஷ்டமில்லை. பனையின் உச்சிக்குருத்தை வெட்டினால் மரமே போயிற்று. அதற்கு வேறு முளைப்புள்ளி கிடையாது. சீந்திலுக்குக் கணுவெல்லாம் முளைப்புள்ளி.

வெட்டினால் தழைக்கும் இந்தக் குணத்தை நம்பித்தான் சங்கரன்கோவில் பூச்சந்தையே நடக்கிறது. மல்லியும் பிச்சியும் பிறவியில் படரும் குணமுள்ள கட்டைச்செடிகள். விவசாயிகள் மல்லியை நவம்பர் கடைசியிலும் பிச்சியை டிசம்பர் கடைசியிலும் கவாத்து செய்வார்கள். பூ வருவது புதுத்துளிரில். துளிர் வருவது வெட்டிய இடத்துக்குக் கீழே. ஏறவே விடாமல் வெட்டிக்கொண்டிருந்தால் ஏறுவதற்கு வைத்திருந்த வேகம் பூவாகிறது.

தாங்கும் மரத்துக்கு என்ன கேடு? சீந்தில் ஒட்டுண்ணி அல்ல. வேம்பின் கிளையில் வேர்விட்டு உறிஞ்சும் புல்லுருவியோடு இதைச் சேர்க்கக் கூடாது. வேரும் இலையும் இதற்குச் சொந்தம். ஆனாலும் இலைக்கூட்டம் மரத்தின் வெயிலை மறைக்கும். அதோடு, வேம்பின் இளந்தூரை முற்றிய கொடி ஒன்று இறுக்கிச் சுற்றியிருந்தால், தூர் ஆண்டுக்காண்டு பருக்கும்போது கொடி விட்டுக்கொடுக்காது. பட்டை நசுங்கும். இலை சமைத்த சர்க்கரை வேருக்கு இறங்குவது பட்டையின் உட்புறம் வழியாகத்தான். அங்கே அடைப்பு விழுந்தால் தூர் திருகுபோல் வீங்கி வளரும். பனைக்கு இந்தத் தொல்லை கிடையாது. எழும்பிய பின் பருக்காத தூரைக் கொடி எவ்வளவு காலம் சுற்றியிருந்தாலும் இறுக்கம் கூடாது. அதன் குழாய்கள் தூர் முழுக்கச் சிதறி இருப்பதால், ஓரம் நசுங்கினாலும் ஓட்டம் நிற்காது. முழு முதலையும் முன்கூட்டியே போட்டவருக்குக் கிடைத்த ஆதாயம் என்று சொல்லலாம்.

சீந்தில் பூப்பது பெரும்பாலும் இலையில்லாத காலத்தில். பச்சை கலந்த மஞ்சளில் மிகச் சிறு பூக்கள், கொத்தாக. ஆண் பூ ஒரு கொடியில், பெண் பூ வேறொரு கொடியில். ஆண் கொடியில் எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் பழம் வராது. துண்டு வெட்டி நட்டுப் பெருக்கிய வேலிகளில் முழு வரிசையும் ஒரே கொடியின் பிள்ளைகளாக, ஒரே பாலாக இருப்பது இயல்பு. ‘எங்க தோட்டத்துச் சீந்தில் காய்க்கலை’ என்பவருக்கு விடை இதுதான்.

வேலியில் இருக்கும் சீந்தில் தோட்டத்துக்கு நல்லதா? அது என்ன தோட்டம் என்பதைப் பொறுத்தது. சங்கரன்கோவிலுக்கு மேற்கே புளியங்குடி எலுமிச்சைச் சந்தைக்குப் பேர்போன ஊர். எலுமிச்சைக் குடும்பத்துப் பழங்களையும் மாதுளையையும் இரவில் வந்து துளைக்கும் யூடோசிமா என்ற பெரிய அந்துப்பூச்சி உண்டு. முன்சிறகு காய்ந்த இலைபோல. பின்சிறகு ஆரஞ்சு மஞ்சளில் கறுப்பு. பெரும்பாலான அந்துப்பூச்சிகளின் உறிஞ்சுகுழல் தேனைக் குடிக்க மட்டுமே உதவும் மென்மையான உறுப்பு. இதன் குழல் நுனியோ தோலைக் கிழிக்கும் அளவு விறைத்தது. துளைத்த இடத்தில் பூஞ்சை புகுந்து பழம் அழுகி உதிரும். பூச்சியைப் பழத்தில் தேடுகிறோம். ஆனால் அதன் புழு வளர்வது பழத்தில் இல்லை, சீந்திலிலும் அதன் குடும்பத்துக் கட்டுக்கொடியிலும். உடம்பின் இருபுறமும் கண்போன்ற புள்ளிகளோடு, பின்பகுதியைத் தூக்கி வைத்துக்கொண்டு இலையில் உட்கார்ந்திருக்கும். பழத்தோட்டத்தைச் சுற்றியுள்ள சீந்திலை அகற்றுங்கள் என்று வேளாண் பரிந்துரைகள் சொல்வது இதனால்தான். அகற்றுவதென்றால் அடியை வெட்டிவிட்டு வருவது போதாது என்பது மேலே சொன்ன விழுதுக் கதையைப் படித்தவருக்குத் தெரியும். மேலே தொங்குவதையும் இழுத்துப்போட்டு வெயிலில் சருகாகக் காயவைக்க வேண்டும்.

மருந்தைப் பற்றிச் சொல்லாமல் சீந்திலைப் பற்றி எழுதினால் யாரும் விடமாட்டார்கள். கொரோனா காலத்தில் ‘எதிர்ப்புச் சக்தி’ என்ற பேரில் இந்தக் கொடியின் கஷாயம் வீட்டுக்கு வீடு கொதித்தது. 2021இல் மும்பை மருத்துவர்கள், இதைத் தொடர்ந்து குடித்த சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததை வெளியிட்டார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. தவறான செடியைச் சாப்பிட்டிருக்கலாம், டைனோஸ்போரா கிரிஸ்பா என்ற ஒன்றுவிட்ட சகோதரன் இதுபோலவே இருக்கும் என்றது. 2022இல் நாட்டின் பல மருத்துவமனைகள் சேர்ந்து 43 நோயாளிகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வு, உடலின் எதிர்ப்புச் சக்தி தன் கல்லீரலையே தாக்கும் அடையாளங்களைப் பலரிடம் கண்டது. கல்லீரல் கோளாறோ, தன்னுடல் தாக்கு நோயோ உள்ளவர்கள் இதை மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது என்பது என் தீர்மானம்.

சீந்திலையும் கிரிஸ்பாவையும் பிரித்தறிய வழி தண்டில் இருக்கிறது. நம் வேலிச் சீந்திலின் தண்டில் துளைப்புடைப்புகள் தட்டையாக இருக்கும். தோல் காகிதமாக உரியும். கிரிஸ்பாவின் தண்டு முழுக்க உலோகக் கம்பியில் பற்றவைத்ததுபோல் எழுந்து நிற்கும் மருக்கள். கையால் தடவினாலே தெரிந்துவிடும். தென்னிந்தியாவில் உள்ள இன்னொரு உறவான டைனோஸ்போரா சினென்சிஸுக்கு இலையின் அடிப்புறம் மென்மயிர் இருக்கும்; நம் சீந்திலின் இலை மழுமழுவென்றிருக்கும். இலையும் தண்டும் கையில் இருக்கும்வரை இந்தச் சோதனைகள் எல்லாம் நடக்கும். கடையில் டப்பாவில் அடைத்து விற்கும் பொடியில் மருவும் கிடையாது, மயிரும் கிடையாது. மூன்றும் ஒரே பழுப்பு.